சுடலைமுத்து வகுத்த எண்

கணக்கு வாத்தியார் என்று தெரிந்துவிட்டால் போதும், பலாப்பழம் முதல் பாகப்பிரிவினை வரை எதையாவது சமமாகப் பிரித்துத் தரச் சொல்வார்கள். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

கடைசிப் பிள்ளை

எழுபதுகளில் சித்திரபுரம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மொத்தம் 211 பிள்ளைகள். சுதந்திர தின அணிவகுப்புக்காக டிரில் மாஸ்டர் அவர்களை ஐந்தைந்தாக, ஆறாறாக, ஏழேழாக நிறுத்திப் பார்த்தார். எப்படி நிறுத்தினாலும் ஒரு பிள்ளை தனியாக நின்றது. 211 பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாது என்று விளக்கினேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “விளக்கம் இருக்கட்டும் சார், ஒரு பிள்ளைக்கு லீவு குடுங்க.”

சுவரில் கரி

அந்த வேகத்தில் பத்தாம் வகுப்புப் பலகையில் 131071 என்று எழுதி, இது வகுபடுமா என்று கேட்டேன். பதினேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண் அது. மற்றவர்கள் மறுநாளே மறந்துவிட்டார்கள். மாரியம்மாள் மட்டும் விடவில்லை. திடீரென்று அவளையும் காணோம். கொழுந்து பறிக்கப் பேர் பதியப் போகிறாளாம். டிரில் மாஸ்டருக்கு வரிசை சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஒரு பிள்ளை குறைந்தது.

அவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா சுடலைமுத்து, தேயிலை ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். மகள் சுவரில் கரியால் போட்டிருந்த வகுத்தலை முறைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கு முடிந்த பிறகு பேர் பதியலாமே என்று கெஞ்சினேன். மனுஷருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “வகுபடாத நம்பருன்னு ஒண்ணு உண்டா சார்? நானே வகுத்துக் காட்டுதேன், அதுவரைக்கும் புள்ள வரட்டும்.”

எங்கே நிறுத்துவது

இந்த எண்ணை 362 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய எண் வகுத்தால் ஈவு அதைவிடச் சின்னதாக வரும். அந்தச் சின்னது முன்பே சிக்கியிருக்கும். மாரியம்மாள் இதைப் புரிந்துகொண்டு அங்கே நிறுத்திவிட்டாள். வகுபடாது என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று பதறினேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அப்பா ஐநூறைத் தாண்டிட்டாவ சார், நீங்க ஒண்ணும் சொல்லிராதிய.”

தீர்ப்பு

பரீட்சை நெருங்கும்போது சுடலைமுத்து பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். விரலெல்லாம் கரி. விஷயம் தெரிந்துவிட்டது, பிள்ளையைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “சிக்க மாட்டேங்கு சார். என்னால ஆவாது. அவளே காலேஜ் வரைக்கும் படிச்சு இதுக்கு ஒரு வழி பண்ணட்டும்.”

எல்லாக் கணக்குக்கும் விடை சொல்வதுதான் வாத்தியார் வேலை என்பார்கள். தெரிந்த விடையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பதுதான் அதில் கஷ்டமான பாகம்.