கார்டில் இடமில்லை

விருதுநகர் கேமராக் கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே வகுப்பெடுக்கத் தோன்றும். மெமரி கார்டு வேண்டும் என்றதும் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, கல்யாணம் எடுக்கிற ஆளு நீங்க. வேகந்தான் முக்கியம். சின்னக் கார்டா நாலு வாங்குங்க. காப்பி பண்ணுங்க, அழிங்க, திரும்ப எடுங்க. பெருசா ஒண்ணு வாங்கி அது மண்டையப் போட்டுச்சுன்னா அம்புட்டும் போச்சு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அவர் கடை இருப்பது விருதுநகரில். என் ஸ்டுடியோ இருப்பது சிவகாசியில்.

"இருக்கிறதுலயே பெருசு எது? அதக் குடுங்க" என்றேன். "அழிக்கிற வேலையே எனக்கு ஆகாது."

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் சத்தம் கேட்டால், மறுநாள் யாராவது என் ஸ்டுடியோ வாசலில் வந்து செருப்பைக் கழற்றுவார்கள். "இருக்கன்குடி கோயில்ல முடியெடுத்தப்ப படம் பிடிச்சீகளே, அதுல அவ முகம் தெளிவா இருக்கான்னு பாருங்க" என்பார்கள். வெடிமருந்துக்கு நடுவில் வேலை பார்க்கும் பெண்கள் பலர் இங்கே தனியாக நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. சிங்கிள் எடுத்தால் அதற்கு மாலை விழுந்துவிடும் என்று ஒரு பயம். அதனால் கும்பலில் இருந்து ஒரு முகத்தை நான் வெட்டியெடுக்க வேண்டும். ஒருமுறை, தோளில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரியின் கையை அழிக்கவே ஒரு பகல் ஆனது. இன்னொருவரிடம், அந்தக் கார்டை அழித்தாகிவிட்டது என்று சொல்லவேண்டி வந்தது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் எதையும் அழிப்பதில்லை.

என் மனைவியும் விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனியில் மருந்து அடைக்கிறவள்தான். வீட்டிலேயே போட்டோக்காரன் இருந்தும் அவளுக்கென்று ஒரு தனிப்படம் கிடையாது. கேமராவைத் தூக்கினாலே மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். மகள் இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டியை. நான் கேலி செய்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அதில் ஒரு நிம்மதி.

இந்தத் தீபாவளிச் சீசனில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. "ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. ரூமுல எடம் பத்தாம மருந்தோட மரத்தடியிலயும் உக்கார வச்சிருக்காக" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். போகாதே என்றேன். பாதியில் நின்றால் அப்புறம் கூப்பிட மாட்டார்கள் என்றாள்.

கார்டு வாங்கிவந்த மறுநாள் காலை, அதைக் கேமராவில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வந்து சுவரோரமாக நின்றாள். தலையில் கனகாம்பரம். மகளைக் கூப்பிடவில்லை.

"என்னைய மட்டும் ஒண்ணு எடுங்க."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

இன்னும் ஆயிரக்கணக்கான படங்களுக்கு இடம் இருப்பதாகத் திரையின் ஓரத்தில் எண் காட்டியது.

"கார்டு நெறஞ்சிருச்சு" என்றேன்.

"நேத்துத்தான வாங்கியாந்தீக? அம்புட்டுப் பெருசுன்னீக?"

"நெறஞ்சிருச்சுன்னா நெறஞ்சிருச்சு. போ."

அவள் என் முகத்தையே பார்த்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஆரன் அடித்தது. "சரி, சாயங்காலத்துக்குள்ள எடம் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும், அவர்கள் முகத்தைப் பார்க்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.