ஏழெழுத்தில் ஒரு கான்வென்ட்

என் கணவருக்கு ஆங்கிலம் வராது என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. ஏற்காட்டு மலையில், வாழவந்திப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் அவர் ரைட்டர். வேலைக்கு வந்தவர்களின் பேரைத் தமிழில் எழுதுவார். மேனேஜர் கூப்பிட்டால் ‘எஸ் சார்’ என்பார். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு கௌரவமாகவே காலம் தள்ளினார். மகளை ஏற்காட்டில் ஒரு கான்வென்டில் சேர்க்க வேண்டும் என்று ஆசை வந்ததும்தான் சனி பிடித்தது. அங்கே பிள்ளையை மட்டும் பார்க்க மாட்டார்கள், தாய் தகப்பனையும் உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள் என்று பஸ்ஸில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

கடைவீதியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொடுக்கும் சார் ஒருவர் இருந்தார். அந்த மலையில் டைப் அடிக்க வரும் பிள்ளைகள் குறைவு என்பதால் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். அதற்கென்று ஒரு முறையை அவரே கண்டுபிடித்திருந்தார். ஆங்கிலம் முழுவதையும் படிக்க ஆயுசு போதாதாம். அதனால் ஒரே எழுத்துகளில் ஆரம்பித்து, ஒரே நீளத்தில் முடிகிற சொற்களைக் கட்டுக்கட்டாகப் படித்துவிட வேண்டுமாம். விறகு விற்பவர்கூட அப்படித்தான் கட்டுவார். ஆனால் அவர் அதைக் கல்வி என்று சொல்வதில்லை.

“நீங்க போறது கான்வென்டு. அதுக்கு ஆரம்பம் சி, ஓ, என். மொத்தம் ஏழு எழுத்து. அதே மாதிரி இருக்கற வார்த்தைங்களப் படிச்சாப் போதுமுங்க. அவங்க கேள்வி அதுக்குள்ளதான் வரும்” என்றார் சார்.

அந்த ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ! என் கணவர் பக்தியோடு தலையாட்டினார். சி, ஓ, என்னில் தொடங்குவதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லிப்பார்த்தேன்.

“ஏனுங்க சார், கண்டக்டர் வருங்களா?”

“அது ஒன்பது எழுத்துங்கம்மா. சேராது.”

தினமும் எங்களை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு அந்தக் கட்டில் இடமில்லை. சார் என்னைப் பார்த்துக்கூட இல்லை, டைப்ரைட்டரைப் பார்த்து அதைச் சொன்னார். அதன்பின் நான் வகுப்புக்குப் போகவில்லை.

என் கணவர் விடவில்லை. கன்சென்ட், கன்சல்ட், கன்சீல், கன்டெம், கன்ஃபெஸ், கன்விக்ட். முகம் மழிக்கும்போது சொன்னார், காப்பிப் பழம் எடை போடும்போது சொன்னார். பழம் பறிக்கும் பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரைட்டருக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன என்று நான் கேட்டால், “அதெல்லாம் அப்புறம் புள்ள” என்பார். உருப்போடுவதுதான் முக்கியம், பொருள் தானாகப் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் என்று சார் சொல்லியிருந்தாராம்.

அந்த நாள் வந்தது. கான்வென்டில் தலைமை மதர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் கணவர் முழுக்கைச் சட்டையில், வியர்வையில். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். மதர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பிள்ளையை இங்கே விட உங்கள் இருவருக்கும் சம்மதமா என்று கேட்டாராம், பின்னால் தெரிந்துகொண்டேன். சம்மதத்துக்கு கன்சென்ட். அது கட்டுக்குள்ளேதான் இருந்தது. ஆனால் ஏழெழுத்துச் சொற்களெல்லாம் ஒரே சமயத்தில் வாசலுக்கு ஓடிவந்து முட்டிக்கொண்டன போலிருக்கிறது.

“எஸ் மதர். வீ போத் கன்விக்ட்” என்றார் கம்பீரமாக.

இருவருமே தண்டனைக் கைதிகள் என்று அதற்குப் பொருள். மதர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிள்ளைக்கு நோய்நொடி ஏதாவது உண்டா என்று அடுத்ததைக் கேட்டார்.

“ஃபீவர் கேம், மதர். வீ கன்சீல் டாக்டர்.”

காய்ச்சல் வந்ததும் டாக்டரிடம் காட்டினோம் என்று சொல்ல நினைத்தார். டாக்டரை ஒளித்துவைத்தோம் என்று சொல்லிவிட்டார்.

மதர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேலத்துத் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, எந்த ஜெயில்ல இருந்தீங்க?”

நான்தான் சொன்னேன்: “ஜெயிலெல்லாம் இல்லீங்க மதர், எஸ்டேட்டுலதானுங்க இருக்கறோம்.”

மதர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து என் மகள், “உங்க தலையில முடி இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

“இருக்குது கண்ணு. உன்னோடது மாதிரி சுருட்டை.”

அப்புறம் எல்லாம் தமிழில்தான். வீடு எங்கே, குழந்தை எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், மழைக்காலத்தில் பஸ் வருமா. சீட்டு கிடைத்துவிட்டது.

வெளியே வந்து ஏரி வரைக்கும் அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். கரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரையே பார்த்தார். “மேனேஜர் திட்டறாரா, பாராட்டறாரான்னே எனக்குத் தெரியறதில்ல புள்ள. ரெண்டுக்கும் எஸ் சார்னுதான் சொல்றேன். இவ அப்படி நிக்கக் கூடாது” என்றார். நான் வாயெடுத்தால் குத்தலாகத்தான் வரும். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பக்கத்துக் கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கையில் கொடுத்தேன். மகளோடு போட்டி போட்டுத் தின்றார்.

மறுநாள் தெளிந்துவிட்டார். தன் ஆங்கிலத்தைக் கேட்டு மதர் சிரித்த முகமாகச் சீட்டுக் கொடுத்ததாக எஸ்டேட் முழுக்கச் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சாருக்கு ஒரு தார் மலைவாழைப்பழம் போனது. அடுத்த மாதமே சாரிடம் புதிதாக நாலைந்து தகப்பன்மார் சேர்ந்தார்கள். அந்த வருஷம் கான்வென்டில் பிள்ளைகள் குறைவு, கேட்டு வந்தவர்கள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு என்னை அனுப்பிவிட்டு, எடை போடும் வேலை இருக்கிறது என்று அவர் எஸ்டேட்டிலேயே நின்றுகொள்வார். காப்பிப் பழமே இல்லாத கோடையிலும் அவருக்கு எடை போட ஏதோ இருந்தது. மதரும் நானும் மலையில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போவதைப் பற்றி வெகுநேரம் பேசுவோம். மகளுடைய கணக்கு மார்க்கைப் பற்றிக் கடைசியில், நான் எழுந்திருக்கும்போது.