பன்னிரண்டு பத்துக்கு நிற்கும் மோட்டார்

எங்கள் தெருவில் என் பேச்சை யாரும் நம்புவதில்லை. நியாயம்தான். ஒரு வீட்டில் மீன் கருகினால், நான் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது தீ விபத்தாகியிருக்கும். ஆனால் இதில் நான் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை. போன பங்குனியில், மரக்காணம் உப்பளத்தில், பட்டப்பகலில் நடந்தது. நஸ்ரியாவும் கூட இருந்தாள். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள். வாயைத் திறக்க மாட்டாள்.

நஸ்ரியா எனக்குப் பக்கத்து வீடு. சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டிலேயே கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள். புருஷன் முபாரக் ஷார்ஜாவில். அப்படி என்னதான் செய்கிறாள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேவிட்டேன்.

"மோட்டாரப் போட்டு நிறுத்துற பொட்டி, ஜெயாக்கா. போன்லேர்ந்தே போடலாம். உள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்கு நானே சிஸ்டம் செய்யிறேன்."

"ஏன், கடையில விக்காதா?"

"விக்கும். அது கல்யாண சாப்பாடு. இதுக்கு ஒரு வாய் கஞ்சி போதும்."

என்னென்ன வேண்டும் என்று இவள் எழுதிக் கொடுப்பாளாம். அதற்குப் பேரே ரெசிபிதானாம். பில்டு டூல் என்று ஒன்று அதைப் பார்த்து, இன்டர்நெட்டிலிருந்து சாமானை இறக்கி, தானே அரைத்து, தானே சமைத்து, கடைசியில் ஒரே உருண்டையாகக் கொடுக்கும். அதை நகத்தளவு கார்டில் ஏற்றிச் சொருகினால் பொட்டிக்கு உயிர் வரும். எழுதாத சாமான் உள்ளே போகாது. "அதான்க்கா இதோட அழகே" என்றாள். ஒரு தடவை சமைத்து முடிக்க அரைநாள் ஆகும். லேப்டாப் தோசைக்கல்லாய்க் கொதிக்கும். நல்ல அழகுதான்.

உப்பள முதலாளி சக்கரபாணி, ஒரு பொட்டியை வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். அங்கேதான் வினை. காலையில் ஓடும். சாயங்காலம் ஓடும். மதியம் சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு, டக்... நின்றுவிடும். ஒரு மணிக்கு மேல் மறுபடி ஓடும். நல்ல வெயிலில் பாத்திக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நேரம் அது. மூணு ஃபேஸ் கரண்ட் ஒழுங்காக வருவதும் அப்போதுதான்.

நஸ்ரியா ரெசிபியைத் திருத்திச் சமைத்தாள். நின்றது. முன்பு சமைத்ததில் மிச்சத்தை அந்த டூல் எடுத்து வைத்து மறுபடி சேர்க்குமாம், பழைய மாவு மாதிரி. அதுதான் கோளாறு என்று மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து சமைத்தாள். நின்றது. பொட்டியையே மாற்றினாள். நின்றது. அதே உருண்டை ஆரோவில்லில் ஒரு தோட்டத்தில் நாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு முணுமுணுப்பு இல்லை.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்குறேன்மா. ஓடுனா பன்னெண்டு பொட்டி வாங்கிக்கிறேன். இல்லாட்டி கழட்டிக்கினு போயிடு" என்று சொல்லிவிட்டார் சக்கரபாணி.

அன்று ராத்திரி முபாரக்கும் ஸ்பீக்கர் போனில், "இதுவும் தேறலன்னா எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு இங்க வந்துடு. போதும்" என்றார். எங்கள் நடுச்சுவர் மெல்லிசு. நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலையில் கண் சிவந்து வெளியே வந்தாள். "நிறுத்துற வேலையையே ரெசிபிலேர்ந்து தூக்கிட்டேன்க்கா. இனிமே இந்தச் சனியனுக்குப் போட மட்டும்தான் தெரியும்."

அவள் ஸ்கூட்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். தனியாகப் போவாளே என்ற அக்கறைதான். வேறொன்றுமில்லை.

உப்பளத்து ஆட்கள் விடியுமுன் வந்து பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்கள். உச்சிவேளையில் அங்கே காக்காய்கூட இருக்காது. சுற்றிலும் வெள்ளை. கண் கூசியது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உவர்த்தண்ணிக் கிணறு. மோட்டார் அந்தத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது.

சக்கரபாணி குடையோடு வந்தார். நஸ்ரியா பொட்டியை லேப்டாப்பில் மாட்டி, மோட்டாரைப் போட்டாள். ஊம்ம்ம்... ஓடியது. திரையில் வரி வரியாக ஏதோ ஓடியது.

பன்னிரண்டு பத்து.

டக்.

நஸ்ரியா திரையை என் பக்கம் திருப்பினாள். கடைசி வரி. இங்கிலீஷ் எழுத்து. ஆனால் தமிழ்.

ஆள் இருக்கு. போடாதே.

"யாரு எழுதுனது இது?"

"நான் எழுதல."

"அப்ப அந்த டூலு?"

"அதுக்குத் தமிழ் தெரியாதுக்கா."

சக்கரபாணி போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்கிற வேலை என்றால் நான் விடுவேனா? நானும் பார்த்தேன். பச்சைத் தண்ணீர். ஆள் இல்லை.

மறுபடி போட்டாள். டக். அதே வரி.

மறுபடி. டக்.

சக்கரபாணிக்கு வந்ததே கோபம். "ஏம்மா, வெளையாடுறியா?" பொட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். "நான் டைரக்டா போடுறேன். நீ கெளம்பு."

"அண்ணே, ரெண்டே நிமிஷம்..." அவள் ஒயரை எட்டிப் பிடித்தாள்.

அவர் சுவிட்சில் கை வைத்தார்.

லொக்...

இருமல்.

லொக்... லொக்...

கிணற்றிலிருந்து.

"போடாதீங்க!"

கத்திக்கொண்டே கிணற்றுக்கு ஓடினேன்.

கழுத்தளவு தண்ணீரில், குழாயைப் பிடித்துக்கொண்டு...

அரசப்பன்.

அந்தப் பாத்தியில் வேலை செய்கிறவன். பத்து மணிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன்.

கயிற்றைப் போட்டு மூன்று பேரும் இழுத்தோம். ஒல்லிக்குச்சி ஆள் அவன். என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. மேலே வந்து, அந்த வெயிலில் வெடவெட என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எவன்டா ஒன்ன எறங்கச் சொன்னான்?" என்று கத்திய சக்கரபாணியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் கொஞ்சம் கரண்ட் கசிந்திருந்தால்கூட அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒயரை அவரே திரும்ப மாட்டச் சொன்னார். நஸ்ரியா போட்டாள். ஓடியது. மணி அப்போது ஒன்றுகூட ஆகவில்லை. நிற்கவில்லை. மறுநாள் பன்னிரண்டு பத்துக்கும் நிற்கவில்லை. அந்த வரி அதற்குப் பிறகு வரவே இல்லை.

"பொட்டியா அது? சாமி!" என்று பன்னிரண்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டார் சக்கரபாணி. முபாரக் அதற்குப் பிறகு மூட்டை கட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை. நஸ்ரியா எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினாள். நானும் பொட்டி ஆளைக் காப்பாற்றிய கதையைத் தெரு முழுக்கக் கொண்டுபோனேன்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. அன்றைக்குத் திரும்பும்போது வண்டி இழுக்கவே இல்லை. "ஜெயாக்கா, கொஞ்சம் சாப்பாட்டக் கொறைங்க" என்றாள் நஸ்ரியா. போகும்போது நன்றாகத்தானே போனது? எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து பார்த்தால், என் முதுகுப்பக்கம் புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ரேஷன் கடையில் அரசப்பனைப் பார்த்தேன். கேட்காமல் விடுவேனா?

"ஏம்பா அரசப்பா, அன்னிக்கு எதுக்குப்பா எறங்குன?"

"கை குடுன்னு உள்ளேர்ந்து ஒருத்தரு கூப்ட்டாருக்கா. எறங்கிப் புடிச்சிக்கினேன். நீங்கதான் ஒரே கயித்துல எங்க ரெண்டு பேரையும் இழுத்துப் போட்டீங்களே."

"ரெண்டு பேரா?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஏங்க்கா, வண்டியில உங்களுக்குப் பின்னாடிதான ஒக்காந்துக்கினு போனாரு... எறங்கிட்டாரா?"