எதுக்கும் ஒருக்கா காட்டிப்போட்டு

என் கணவர் இருபது வருடங்களுக்கு மேல் எல்லை தாண்டி ட்ரக் ஓடினவர். ரொறன்ரோவில் சரக்கு ஏற்றினால் அரிசோனாவில் இறக்குவார், அங்கே ஏற்றியதை இங்கே கொண்டுவருவார். இடையில் கிடக்கும் அமெரிக்கா முழுவதையும் முன் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறார். எங்கும் இறங்கி நின்று ஆறுதலாகப் பார்த்ததில்லை. ட்ரக்கை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கம்பனியில் பேச்சு விழும்.

நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். இடைவேளை நேரம் பார்த்துப் போன் எடுப்பார். "இஞ்சேரும், மலையெல்லாம் செவ்விளநி நிறத்தில நிக்குது. உமக்கு ஒருநாளைக்கு இதைக் காட்டவேணும்" என்பார். எனக்கு எரிச்சல்தான் வரும். மலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர ஆள் பிடிக்க வேண்டும், மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். "ஓம் ஓம், காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

ஆனால் ஒரே கதையை வருடக்கணக்கில் காதுக்குள் போட்டால் யாருக்கும் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. அவர் ஓய்வு பெற்றதும் மல்வேர்னில் இருந்த டவுன்ஹவுஸை விற்றோம். பழைய ஆர்வி ஒன்று வாங்கினோம். அடுப்பு, கட்டில், குளிக்கும் இடம் எல்லாம் உள்ளே இருக்கும் வாகனம். இனி அதுதான் வீடு. கோடையில் ஒஷாவாவில் மகளுடைய வீட்டு முற்றத்தில் நிற்போம், குளிர் தொடங்கியதும் தெற்கே போவோம், பனி கரையத் திரும்பி வருவோம். இதுதான் திட்டம். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ஆர் யூ கைஸ் சீரியஸ்?" என்று கேட்டாள். சீரியஸ்தான் என்றோம்.

கனடாவுக்குள்ளேயே சுற்றினால் போதாதா என்று கேட்காத ஆள் இல்லை. குளிர்காலத்தில் இங்கே ஆர்விக்குள் இருந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அதைவிட, அவர் எனக்குக் காட்ட நினைத்தவை எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தன.

அங்கே போவதென்றால் காப்புறுதி வேண்டும். மாகாணம் தந்த மருத்துவ அட்டை எல்லை தாண்டினால் பேருக்குத்தான். மோர்னிங்சைட்டில் இருந்த ஒரு அண்ணை இதையெல்லாம் யோசிக்காமல் புளோரிடாவுக்குப் போய், அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உயிர் தப்பியது, ஆஸ்பத்திரிக் கணக்குக் கட்டினதில் வீடு தப்பவில்லை. அந்தக் கதை தெரிந்த எவரும் சும்மா வெளிக்கிடமாட்டார்கள்.

காப்புறுதி எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். ஒரு பிளாசாவில் நகைக்கடைக்கு மேலே கந்தோர். கணினியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அங்கிள், திரும்பி வாற திகதி சொல்லுங்கோ."

"குளிர் முடிய வருவம், தங்கச்சி."

"உப்பிடி எழுதேலாது. வீட்டில இருந்து வெளிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தால்தான் அது ட்ரிப். இப்ப உங்கட வீடு எங்கை?"

"வெளியாலை பார்க்கிங்கில நிக்குது" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. வீட்டையும் கொண்டு பயணம் போகிறவர்களை எந்தக் கம்பனிக்கும் பிடிக்கவில்லை. ஒன்று சில கிழமைகளுக்கு மேல் தரமாட்டேன் என்றது. ஒன்றுக்கு எங்கள் வயது பிடிக்கவில்லை. ஒன்றுக்கு என் சீனி வருத்தம் பிடிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கலியாணப் பேச்சில் கூட என்னை இத்தனை பேர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கடைசியில் ஒரு கம்பனி சம்மதித்தது. வருடத்தில் பாதி மகளின் முகவரியில் இருப்போம் என்பதால் அதையே வீடாக ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள் 'ஸ்டேபிள்' ஆக இருக்க வேண்டும்.

"அதென்னெண்டால் அன்ரி, வெளிக்கிடுறதுக்கு முன்னம் ஆறு மாசம் உங்கட உடம்பில ஒரு மாற்றமும் இருக்கக்கூடாது. புது வருத்தம், புதுக் குளிசை, புது டெஸ்ட் ஒண்டும் கூடாது."

அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குச் சீனியும் பிரஷரும் இருந்தன, இரண்டுக்கும் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டும் சொன்ன சொல் கேட்டுக்கொண்டு கிடந்தன. இலையுதிர்காலத்தில் புறப்படுவதாக முடிவு செய்தோம்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் பழக்கம் குறுக்கே வந்தது. எங்களுக்கு எதையும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சாதகத்தைச் சாத்திரியாரிடம் காட்டுவோம். வாங்கின வாகனத்தைப் பிள்ளையாருக்குக் காட்டுவோம். ஆர்வியையும் கோயிலுக்குக் கொண்டுபோனோம். சில்லுக்கு ஒன்றாக நாலு தேசிக்காய் வைப்பதுதான் வழக்கம், இதற்குப் பின்னால் இரட்டைச் சில்லு. ஐயர் உள்ளே போய் இன்னும் இரண்டு தேசிக்காய் எடுத்துவந்து வைத்து, கற்பூரம் காட்டினார். தேசிக்காய் நசிபடும் சத்தம் கேட்டதும் கணவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரி. எதுக்கும் உம்மை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு வெளிக்கிடுவம்" என்றார்.

எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தூரப் பயணம் போக முன் டொக்டரிடம் காட்டாமல் போனவர்கள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் கிடையாது. நானும் சரி என்றேன். மல்வேர்னில் எங்கள் டொக்டர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். "பிரஷர் கொஞ்சம் கூடக் கிடக்கு. குளிசையை ஒரு சொட்டுக் கூட்டுவம். நல்லாப் பயணம் போட்டு வாங்கோ" என்றார். நாங்களும் காட்டியாயிற்று என்ற நிம்மதியோடு, காப்புறுதியை முடிக்கப் பிளாசாவுக்குப் போனோம்.

குளிசை கூடிய கதையைக் கேட்டதும் அந்தப் பெண் விரலைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஏன் அன்ரி காட்டினனீங்கள்?"

எதற்குக் காட்டினோம்? காட்டுவதற்காகக் காட்டினோம். ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அந்தக் குளிர் முழுவதும் ஒஷாவாவில் மகளின் பேஸ்மென்டில் இருந்தோம். ஜன்னலால் பார்த்தால் ஆர்வியின் சில்லு மட்டும் பனிக்குள் தெரியும்.

அடுத்த வருடம் நான் ஒழுங்காக நடந்தேன். சோற்றைக் குறைத்தேன், உப்பைக் குறைத்தேன், மகளின் தெருவைக் காலையும் மாலையும் சுற்றி வந்தேன். இலையுதிர்காலம் வந்தது. மனிதர் இரண்டு நாள் ஆர்வியைச் சுற்றிச் சுற்றித் திரிந்தார். மூன்றாம் நாள், "இல்லை, எதுக்கும்..." என்று தொடங்கினார். உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். "நான் உம்மைப் பாலைவனத்துக்குள்ள கொண்டுபோறன். அங்கை உமக்கு ஒண்டு நடந்தால் நான் ஆரிட்டைப் போறது?" என்றார். அடுத்த நாளே அவரோடு மல்வேர்னுக்குப் போனேன்.

இந்த முறை டொக்டர் என்னைப் பாராட்டினார். பிரஷர் நன்றாக இறங்கியிருக்கிறது, இனி இவ்வளவு குளிசை தேவையில்லை என்று பாதியாகக் குறைத்தார். எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வருத்தம் கூடினால்தானே பிரச்சினை? குறைந்தால் கம்பனியும் மாலை போட்டு வரவேற்கும் என்று நினைத்தோம்.

அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். "குறைச்சாலும் மாற்றம்தான் அன்ரி."

அன்று நான் அவளை ஏசிவிட்டேன். சுகம் வந்தது குற்றமா, மனுசருக்கு வருத்தம் மாறினால் அதற்கும் தண்டனையா என்று நகைக்கடைக்குக் கேட்கும்படி கத்தினேன். பாவம், அவளா அந்த விதியை எழுதினாள்? கணவர் என் கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் படியிறங்கிப் போனார். அந்தக் குளிரும் பேஸ்மென்டில் போனது.

பனி கரைந்த பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். "இந்த முறை ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் ஒண்டும் காட்டுறேல்லை." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குளிசை முடிந்தால் போனில் சொல்லி எடுத்தேன். இருமினால் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். மாதங்கள் பழுதில்லாமல் போயின. நெஞ்சுக்குள் மெல்ல ஒரு நம்பிக்கை வந்ததை மறைக்கமாட்டேன்.

கோடை முடியும் நேரத்தில் மகளின் பக்கத்து வீட்டுக்காரர், முற்றத்தில் இவ்வளவு பெரிய வாகனம் நிற்கிறது என்று நகரசபைக்கு முறையிட்டார். புறப்படும்வரை ஆர்வியை ஊருக்கு வெளியே வாகனங்கள் நிறுத்தி வைக்கும் ஒரு யார்டில் விடுவதென்று முடிவாகியது. அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். நல்ல வெயில், பத்து மணி இருக்கும்.

"உந்த போர்ட்டில என்ன கிடக்கு?" என்று கேட்டார். தெருப் பெயரை வாசித்தேன். கொஞ்சத்தில் இன்னொரு போர்ட்டைக் கேட்டார். அதையும் வாசித்தேன். ரோட்டைப் படிக்க எனக்குப் பழக்குகிறார் என்று நினைத்தேன். மூன்றாவதாக வந்தது ஒரு ஸ்டொப் சைன். அதை அவர் கேட்கவில்லை, நிறுத்தவும் இல்லை. குறுக்கே வந்த கார் சறுக்கி நின்று நீளமாக ஹோர்ன் அடித்தது.

அவர் வாகனத்தை ஓரத்தில் எடுத்து நிறுத்தினார். நாற்சந்தியில் கூட்டமே இல்லை, மரம் மறைக்கவும் இல்லை. சிவப்புப் பலகை பளிச்சென்று நின்றது.

"எத்தினை நாளா?" என்று கேட்டேன்.

"பனி கரையேக்கை தொடங்கினது. முதல் ரோட்டுக் கோடெல்லாம் நெளிஞ்சுது. இப்ப நேர நடுவில ஒரு கறுப்பு நிக்குது."

"ஏன் காட்டேல்லை?"

"காட்டினால் அந்தக் காப்புறுதிப் பிள்ளை ஆறு மாசத்தைத் திரும்ப முதல்ல இருந்தெல்லோ எண்ணும். பயணம் போட்டு வந்து காட்டுவம் எண்டு நினைச்சன்."

என்னை இரண்டு முறை இழுத்துக்கொண்டு போய்க் காட்டின மனிதர். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக அழுதேன். மருமகன் வந்துதான் ஆர்வியை யார்டுக்குக் கொண்டுபோனார். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

ஸ்காபரோவில் கண் வைத்தியர் ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டி, எந்த இடத்தில் கோடு தெரியவில்லை என்று கேட்டார். கணவர் காட்டிய இடம் முழு நடு. விழித்திரையின் நடுவில் கசிவு, இரண்டு கண்ணிலும். பனி கரைந்தபோதே வந்திருந்தால் பெரும் பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம், போனதைத் திருப்பித் தர முடியாது, மிச்சத்துக்கு மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். சாரதி அனுமதி பற்றி மாகாணத்துக்கு அறிவிப்பது தன் கடமை என்றும் சொன்னார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மகள், அம்மா கார் ஓடுற நீங்கள் ஆர்வியும் ஓட்டப் பழகுங்கோ என்கிறாள். பழகலாம். ஆனால் மாதா மாதம் ஊசிக்கு இங்கே நிற்க வேண்டும். ஊசி போடுகிற காலம் முழுவதும் எந்தக் கம்பனிக்கும் அவர் ஸ்டேபிள் இல்லை. ஊசியை விட்டால் மிச்சக் கண்ணும் இல்லை. இதை எந்தப் பக்கத்தால் திருப்பிப் பார்த்தாலும் வழி இல்லை, நான் எல்லாப் பக்கத்தாலும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

அன்று வைத்தியரிடம் இருந்து வெளியே வந்து காரில் ஏறினோம். நான் ஓட்டும் இருக்கையில், அவர் பக்கத்தில். சாவியைப் போட்டுவிட்டுக் காரை எடுக்காமல் இருந்தேன்.

"என்ரை முகம் தெரியுதோ?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பி, என் தோளைத் தாண்டி ஜன்னலைப் பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டார்.

"இப்பிடிப் பார்த்தால் கொஞ்சம் தெரியுது."

"நேரை பார்த்தால்?"

"நேரை பார்த்தால் நீர் இல்லை" என்றார்.