பாய் அடிச்ச சிவப்பு லைட்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போற ஆளுங்க நான். பைபர் கேபிள் போட்டதுக்கப்புறம் சோதிச்சுப் பாத்து பாஸ், பெயில் போடறதுதான் என் வேலை, மீட்டர்ல வராதது எதுவும் என்னைப் பொறுத்தவரைக்கும் கிடையாது. இதையும் நீங்க நம்பப் போறதில்ல, பரவாயில்ல, கேளுங்க.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் புது லைன். நான் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன், ஜாயிண்ட் போடற அன்வர் பாய் சத்திரத்துக்குப் போய் அங்கேருந்து லைட் அடிக்கணும். பேனா மாதிரி ஒரு டார்ச்சுங்க, அதைக் கண்ணாடி இழையோட ஒரு முனையில சொருகினா மறு முனை சிவப்பா மின்னும். பாய்க்குன்னு ஒரு பழக்கம், ரெண்டு தடவை அடிச்சு, கொஞ்சம் விட்டு, இன்னொண்ணு. வேற கம்பெனிக்காரன் லைட்டைப் பாத்து நான் ஏமாந்துடக் கூடாதாம்.

நல்ல மத்தியான வெயில். அவர் கிளம்பிக் கொஞ்ச நேரத்துலேயே லைட் வந்துடுச்சு. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. அதுக்குள்ள போயிட்டாரா மனுஷன்னு நினைச்சுக்கிட்டே பாஸ் போடப் போனேன். மறுபடி ரெண்டு, ஒண்ணு. மறுபடி. ஒவ்வொரு தடவையும் மங்கிக்கிட்டே வருது. என்ன வேலையத்த விளையாட்டுன்னு கோவமா போன் போட்டா எடுக்கல. மீட்டரை மாட்டினா, பாலத்துக்கு இந்தப் பக்கமே, கரையோரச் சேம்பர் கிட்ட லைன் அறுந்திருக்குன்னு காட்டுது. அறுந்த லைன்ல சத்திரத்து வெளிச்சம் எப்படிங்க வரும்? ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு அந்தச் சேம்பருக்குக் கிளம்பினேன்.

சேம்பர்னா கேபிள் ஜாயிண்ட் இருக்கற குழி. மூடி திறந்து கெடக்கு, பக்கத்துல பாயோட வண்டி. உள்ள ஏணியிலேயே சரிஞ்சு கெடந்தாரு, சாக்கடை வாடை ஆளையே தள்ளுது. டீக்கடையில நின்னவங்க ஓடி வந்தாங்க, சட்டையைப் பிடிச்சு மேல இழுத்தோம். "பாய், கண்ணைத் திறங்க பாய்"னு கத்தறேன், ஒரே அழுகை எனக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உசுரு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு.

அவர் வீட்டுக்குச் சொல்லணுமேன்னு போனுக்காகப் பையில கையை விட்டேன். கையில வந்தது லைட் பேனா. காலையில டீ குடிக்கறப்ப என்கிட்ட குடுத்தது, கிளம்பறப்ப வாங்க மறந்திருக்காரு. எங்ககிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்.

மறுநாள் வேற ஆளுங்க போய்ப் பாத்தாங்க. குழிக்குள்ள இருந்த ஜாயிண்ட் பாக்ஸோட சீல் கூட உடையல, லைன் சத்திரம் வரைக்கும் எங்கேயும் அறுபடாம நல்லா இருக்கு.

பாய் தெளிஞ்சதும் சொன்னாரு, "மூடி நகந்து கெடந்துச்சும்மா, பாத்துட்டுப் போலாம்னு இறங்கினேன், தலை சுத்திடுச்சு. உனக்கு லைட் அடிச்சுக்கிட்டே இருந்தேன், அது ஒண்ணுதான் ஞாபகம். வந்துச்சாம்மா?"

"வந்துச்சு பாய்"னேன். பேனா எங்க இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் அவர்கிட்ட சொல்லல, தைரியம் வரல.

இப்பவும் நாங்க ஒண்ணாத்தான் வேலை பாக்கறோம். அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு, ஒண்ணுன்னு லைட் வந்ததும் என் கை தன்னால பையைத் தடவிப் பாக்கும். பேனா உள்ள இல்லைன்னு தெரிஞ்சாத்தான் பாஸ் போடறேன்.