பேப்பரில் பெயர் வராத பிள்ளைகள்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று பின்னேரம் சீவரத்தினம் அண்ணை வந்தார். இப்போது சுன்னாகத்தில் கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். அதை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"உனக்குத் தெரியாது தம்பி. அண்டைக்கு எங்கடை வீட்டுக்கு வந்த ஒரே ஆள் உன்ரை அம்மாதான்."

எனக்குத் தெரியும். நானும் கூடப் போனேன்.

அம்மாவின் பெயர் பூரணம். கோப்பாயில் பிறந்தார், கோப்பாயிலேயே வாழ்க்கைப்பட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அப்பா கந்தப்பு புகையிலைத் தோட்டம் செய்தார். நான் ஒரே பிள்ளை. போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

1933ஆம் ஆண்டு என்னை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு இருந்தன. ஒன்று பெரிய கல்லூரி. மற்றது நல்லூர்ப் பக்கம் ஓலைக் கொட்டிலும் இரண்டு கல் அறைகளுமாக இருந்த சின்னப் பள்ளிக்கூடம். அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. பெரிய கல்லூரிக்கு ஆள் பிடித்து வைத்திருந்தார்.

நான் மெதுவான பிள்ளை. மந்தம் என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த முறை சீனியர் சோதனை மறுமொழி, பாஸ் பண்ணியவர்களின் பெயர்களோடு, பேப்பரில் வந்தது. எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளில் பேப்பர் எடுப்பது எங்கள் வீட்டில்தான். அம்மா முற்றத்தில் நின்று பெயர்களை உரத்து வாசித்தார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு கதை சொன்னார்கள்.

"பார்த்தியே! பெரிய கல்லூரியிலை எழுதின அத்தனை பேரும் பாஸ்," என்றார் அப்பா. "மற்றதிலை பாதிக்குப் பாதி பெயில். குண்டு! இதுக்கு மேலை என்ன யோசினை?"

அம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீவரத்தினத்தின்ரை பேரைக் காணேல்லை. அவனும் பெரிய கல்லூரியெல்லோ?"

"அவனை எழுத விடேல்லையாம். பாஸ் பண்ண மாட்டான் எண்டு மறிச்சுப் போட்டினமாம்."

"ஓ," என்றார் அம்மா. "அப்ப எழுதின எல்லாரும் பாஸ்தானே."

பாஸ் பண்ணிய வீட்டுக்குப் பழமும் கற்கண்டும் கொண்டுபோய்ச் சந்தோசம் கேட்பது ஊர் வழக்கம். மறுநாள் அம்மா இரண்டு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் போட்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு, சீவரத்தினம் அண்ணை வீட்டுப் பக்கம் திரும்பினார். பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எடி பூரணம், பாஸ் பண்ணின பொடியன்ரை வீடு அங்காலையடி! உது குண்டடிச்ச வீடு. துக்கம் கேட்கப் போறியோ?"

"ஓம் மாமி. வாறியளோ?"

சீவரத்தினம் அண்ணை கிணற்றடியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பிப் போகப் பார்த்தார். அம்மா பழத்தைக் கையில் கொடுத்த பிறகு போக முடியவில்லை.

"என்ன சொல்லித் தம்பி மறிச்சவை?"

"ஒண்டும் சொல்லேல்லை மாமி. சோதனைக்குப் போறவையின்ரை பேர் கூப்பிட்டினம். என்ரை பேரைக் கூப்பிடேல்லை."

"பிறகு வாத்திமார் ஒருத்தரும் வந்து பார்க்கேல்லையோ?"

"ஏன் வரப் போகினம்?"

அங்கிருந்து இருபாலைக்கு நடந்தோம். அங்கே சிமியோன் என்று ஒரு பொடியன். சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்து, சோதனை எழுதித் தவறியவன். அவன் வீட்டு வேலியில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. உள்ளே அந்தப் பள்ளிக்கூடத்து மார்க்கண்டு மாஸ்ரர் பாயில் இருந்து, சிமியோன் பிழைவிட்ட கணக்கையே திரும்பச் செய்வித்துக்கொண்டிருந்தார். அம்மா நீட்டிய பழத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"குண்டடிச்சதுக்கு வாழைப்பழமோ? இனி என்ரை பொடியள் ஒருத்தரும் பாஸ் பண்ண மாட்டாங்கள்."

அம்மா சிரிக்கவில்லை.

"மாஸ்ரர், உங்கடை பள்ளிக்கூடத்திலை எல்லாரையும் எழுத விடுவியளோ?"

"எழுதப் போறன் எண்டு நிக்கிற பிள்ளையை எப்படித் தங்கச்சி மறிக்கிறது? பேப்பரிலை எங்களுக்குத்தான் வெக்கக்கேடு. போகட்டும்."

அன்று இரவு வீட்டில் சண்டை. அப்பா இவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு என்ரை பிள்ளையை விட்டுப்போட்டு நான் எந்த முகத்தோடை சந்தைக்குப் போறது?"

அம்மா சத்தம் போடவில்லை. "இஞ்சருங்கோ, உங்கடை மகன் இண்டைக்குக் கேட்டதுக்கு நாளைக்குத்தான் மறுமொழி சொல்லுவான். பெரிய கல்லூரியிலை விட்டால் பிறகு அவன்ரை பேரை எந்தப் பேப்பரிலை தேடுவியள்?"

அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இப்போது நான் நீர்ப்பாசனப் பகுதியில் இஞ்சினியர். நிரம்பி வான் வழியே வெளியே பாயும் தண்ணீரை மட்டும் பார்த்து ஒரு குளத்தை மதிக்கக் கூடாது, உள்ளே எவ்வளவு வந்தது, வழியில் எவ்வளவு கசிந்தது என்று பார்க்க வேண்டும் என்பதைக் கொழும்பில் படிப்பித்தார்கள். அன்று வகுப்பில், அம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நினைத்துக்கொண்டேன். அம்மா இதை யாரிடம் படித்தார்? எனக்கு இன்றும் விளங்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல்முறை நான் சோதனையில் தவறினேன். அன்றும் அம்மாதான் முற்றத்தில் நின்று வாசித்தார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெயர்கள் முடிந்தன. என் பெயர் இல்லை. அம்மா குரல் மாறாமல் அடுத்த பள்ளிக்கூடத்தின் பெயர்களையும் கடைசி வரை வாசித்தார். பேப்பரை மடித்து வைத்தார். உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"தின்னு. மாஸ்ரர் வரப் போறார்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பொழுதுபட முன் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. நான் எழும்பவில்லை. அப்பாதான் எழும்பிப் போய்ப் படலையைத் திறந்தார்.