மதியம் வரை அரைக்கம்பம்

லோவல் டிரெஸ்லருக்கு எரிச்சல் வராத நாள் ஒன்று இருந்தால், அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆல்டர் ஃபோர்க்கில் இது எல்லோருக்கும் தெரியும். வாழ்நாளில் பாதியை இரும்புக்கடையில் கழித்தவர். ஆணி வாங்கப் போனால் ஆணியோடு கொஞ்சம் அரசியலும் கட்டிக் கொடுப்பார். வாஷிங்டனில் இருப்பவர்கள் நம் வரிப்பணத்தை எப்படி வாரி இறைக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் என்ற பெயரில் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லை ஏன் கதவில்லாத வீடாகக் கிடக்கிறது, எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் மீதிச் சில்லறையைத் தருவார்.

கடையை விற்றதும், உள்ளூர் வானொலி நிலையம் வைத்திருக்கும் டக் ஸ்ட்ரோமன் அவரைக் கூப்பிட்டார். "கடையில ஓசியில பேசினதை மைக்ல பேசுங்க லோவல். விளம்பரமாவது வரும்." அன்றிலிருந்து தினமும் காலைச் செய்தி முடிந்தவுடன் லோவலின் குரல்தான். மாட்டுக் கொட்டகையிலும் லாரியிலும் பல் டாக்டரின் வரவேற்பறையிலும் அதுவேதான். பாதிப் பேர் தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள், மீதிப் பேர் திட்டிக்கொண்டு கேட்பார்கள். அணைத்துவிட்டுப் போகிறவரை நான் பார்த்ததில்லை.

அதிலும் மே மாதம் வந்துவிட்டால் மனுஷனைத் தாங்க முடியாது. மாதக் கடைசித் திங்கள்கிழமை, போரில் இறந்த வீரர்களுக்காக வரும் நினைவு நாள்தான் காரணம்.

"மெத்தைக் கடைக்காரன் நினைவு நாள் தள்ளுபடின்னு போர்டு வச்சிருக்கான். போர்ல செத்தவன் எவனாவது மெத்தை கேட்டானா? பெட்ரோல் பங்க்ல ஒரு பொண்ணு என்னைப் பார்த்து 'இனிய நினைவு நாள்'ங்குது. என்ன இனிமையைக் கண்டுச்சு? அந்தக் கட்சி ஆளுங்களைக் கேட்டா, இந்த நாட்டை நினைச்சாலே வெட்கமா இருக்குன்னு பாட்டு. சரி, நம்ம ஆளுங்களாவது யோக்கியமா? பிக்கப் வண்டியில கட்டின கொடி கிழிஞ்சு கந்தலாத் தொங்குது. கொடி அச்சடிச்ச பேப்பர் தட்டுல கடுகுச் சாஸைத் தடவித் தின்னுட்டுக் குப்பையில போடறோம். தேசியக் கொடிக்குப் பக்கத்துலயே வேட்பாளர் பேர் போட்ட கொடி வேற. பழசைக் காப்பாத்தறவங்கன்னு நாமதானே மார்தட்டிக்கிறோம்? எதைக் காப்பாத்தினோம், யாராவது சொல்லுங்க."

இந்தப் பேச்சுக்குப் பிறகு வீட்டுத் தொலைபேசி ஓயாது. இரண்டு பக்கத்திலிருந்தும் வசவு வரும். எடுப்பது அவர் மனைவி கார்லீன். "நீ ரேடியோல திட்டு, நான் போன்ல வாங்கிக்கறேன். நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்க" என்பார்.

இத்தனைக்கும் லோவல் ராணுவத்தில் இருந்தவரில்லை. வியட்நாம் சமயத்தில் ஒரு காது சரியாகக் கேட்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த வெர்ன் போனான், பெட்டியில் வந்தான். பல வருடம் கழித்து மதுக்கடையில் ஒருவன், "போகாதவனுக்கு இவ்வளவு வாய் எதுக்கு?" என்று கேட்டான். லோவல் எழுந்து வந்துவிட்டார். அந்த வருடம் கல்லறைத் தோட்டத்துக் கொடிக்கம்பத்துக்கு அவர் கடையிலிருந்து புதுக் கயிறு போயிற்று. அதை இழுக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு வருடம் தவிர, இன்று வரை வேறு யாரையும் தொட விடவில்லை.

நினைவு நாளுக்குக் கொடி ஏற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. காலையில் உச்சி வரை விறுவிறுவென்று ஏற்றி, பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்க வேண்டும். நண்பகல் வரை அரைக்கம்பம். அந்த நேரம் இறந்தவர்களுடையது. பன்னிரண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதியதும் உச்சிக்கு ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு உயிரோடு இருப்பவர்கள் பாடு. லோவல் காய்ச்சலில் படுத்த ஒரு வருடம் தீயணைப்புப் படைத் தலைவர் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஏற்றிவிட்டார். அந்த வாரம் முழுக்க ரேடியோவில் அவரை உரித்துத் தொங்கவிட்டார் லோவல். "அஞ்சு நிமிஷம்தானே" என்று தலைவர் சொன்னதற்கு, "உங்களுக்கு அஞ்சு நிமிஷம். செத்தவங்ககிட்ட இருக்கிறதே அதான்" என்று பதில் வந்தது.

இனி மிஸ்ஸஸ் கில்லம். ஆர்டித் கில்லம் என்று முழுப் பெயர், ஆனால் ஊரில் பாதிப் பேர் அவர் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போனவர்கள், அதனால் எத்தனை வயதானாலும் யாருக்கும் பெயர் சொல்ல வாய் வராது. ஒரே மகன் கோரி இராக் போரில் இறந்தான், இருபத்திரண்டு வயது. கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் மற்ற வீரர்களுக்குத் தாய் தகப்பன் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நினைவு நாளில் முன்வரிசையில் வந்து உட்காரும் தாய் இவர் ஒருவர்தான். இவர் வராவிட்டால் அது வெறும் பாண்டு வாத்தியமும் ஹாட் டாகும்தான்.

அப்படிப்பட்டவர் ஏப்ரலில் ஒரு நாள் லோவல் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"லோவல், போன தேர்தல்ல அந்தக் கட்சிக்காரங்க என் பிள்ளை படத்தைப் போட்டு, பொய்யான போர்ல செத்தான்னு நோட்டீஸ் விட்டாங்க. உன் கட்சிக்காரங்க சும்மா இருந்தாங்களா? அதே படத்தைப் பனியன்ல போட்டுக்கிட்டு ஊர்வலம் போனாங்க. அவன் உயிரோட இருந்தப்ப இவங்கள்ல ஒருத்தனும் அவனுக்கு ஒரு கோக் வாங்கிக் கொடுத்ததில்ல."

"தப்புதான் மிஸ்ஸஸ் கில்லம். நானே ரேடியோல கிழிச்சேனே."

"கிழிச்ச, கேட்டேன். இப்ப கல்லறைத் தோட்டத்துலயும் ஆரம்பிச்சிடுவாங்கன்னு தோணுது. அங்க ஒருத்தன் அவன் பேரை இழுத்தான்னா, அதோட சரி. நான் தனியா வேற ஒரு நாள் போய்ப் பார்த்துக்கறேன். நினைவு நாளுக்கு வரமாட்டேன்."

"நடக்காது. நான் பொறுப்பு" என்றார் லோவல். "என் வார்த்தை."

வார்த்தை கொடுப்பது சுலபம். வழக்கமாகப் பேசும் பாதிரியாருக்கு அந்த மே மாதம் பார்த்து இடுப்பில் அறுவைச் சிகிச்சை. விழாக்குழு லோவலிடம் ஆள் பிடிக்கச் சொன்னது. டக் ஸ்ட்ரோமன் உடனே, "பிரென்ட் ஆஷ்கிராஃப்டைக் கூப்பிடலாமே, நம்ம ஆளு" என்றார். மாநிலச் சட்டசபைக்கு நிற்கும் வேட்பாளர், லோவலின் கட்சி. நல்ல பேச்சாளர், நல்ல பல்வரிசை. டக்கின் நிலையத்தில் நிறைய விளம்பரமும் கொடுத்திருந்தார். லோவல் யோசித்தார். தொலைபேசியில் அழைத்து, "கட்சி கூடாது, தேர்தல் கூடாது, முக்கியமா கில்லம் வீட்டுப் பேரே கூடாது" என்று மூன்று முறை சொன்னார்.

"ஐயோ சார், நான் உங்க பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். எனக்குத் தெரியாதா?" என்றார் பிரென்ட்.

வேட்பாளர் சொன்ன வார்த்தையை நம்பினாரே, அத்தனை வருடம் ரேடியோவில் அரசியல்வாதிகளைக் கிழித்த மனிதர், அதைச் சொல்ல வேண்டும். நம்ம கட்சி என்றதும் புத்தி எங்கோ மேயப் போய்விடுகிறது.

திங்கள்கிழமை வந்தது. கொடி அரைக்கம்பத்தில் நின்றது. பள்ளிக்கூடப் பாண்டு வாசித்தது, முன்னாள் ராணுவக் கிழவர்கள் மரியாதைக்குத் துப்பாக்கி வேட்டு வைத்தார்கள், குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. பிரென்ட் மைக்கைப் பிடித்தார். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தியாகம், கடமை, வெள்ளைக் கற்கள். லோவல் கம்பத்தடியில் நிம்மதியாக நின்றார்.

அப்புறம் பெட்ரோல் விலை வந்தது. அப்புறம் வாஷிங்டன். "எதைக் காப்பாத்தினோம், சொல்லுங்க" என்று பிரென்ட் கையை விரித்துக் கேட்டார். அது லோவலின் வசனம். வரிக்கு வரி அவர் ரேடியோவில் பேசியதுதான். ஒரு வார்த்தைகூட அவருக்கு ஒப்புதல் இல்லாததில்லை, எரிச்சலே அதுதான். விழாவை நேரடியாக ஒலிபரப்பிய வானொலி வண்டியருகில் நின்ற டக்கைப் பார்த்து, மைக்கை அணை என்று கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். டக் வானத்தைப் பார்த்தார்.

"நம்ம கோரி கில்லம்" என்றார் பிரென்ட், குரலைத் தாழ்த்தி. "அவன் இன்னிக்கு இருந்திருந்தா, நவம்பர் தேர்தல்ல யார் பக்கம் நின்னிருப்பான்னு எனக்குத் தெரியும்."

மிஸ்ஸஸ் கில்லம் புல்லில் வைத்திருந்த கைப்பையை எடுத்தார். நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார்.

லோவல் யோசிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார். கொடியை உச்சிக்கு இழுத்தார்.

கொடி அசைவதைப் பார்த்த பாண்டு மாஸ்டர் பதறிப்போய்க் கோலைத் தூக்கினார். கொடி உச்சிக்குப் போனால் தேசிய கீதம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எக்காளம் முழங்கியதும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தது. பிரென்ட் பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டார். தேசிய கீதத்துக்கு மேலே பேசுகிறவனுக்கு எங்கள் மாவட்டத்தில் அவன் மனைவிகூட ஓட்டுப் போடமாட்டாள். வாயை மூடிக்கொண்டு அவரும் நெஞ்சில் கை வைத்தார். தீயணைப்புப் படைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், லோவலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கீதம் முடிந்தது. மிஸ்ஸஸ் கில்லம் வாசல் பக்கம் போகவில்லை. கம்பத்தடிக்கு வந்தார்.

"மணி என்ன லோவல்?"

"இன்னும் பன்னிரண்டு ஆகல."

"எவ்வளவு இருக்கு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"அந்தாள் வாயை மூட என் பிள்ளையோட நேரத்தையா எடுத்த?"

லோவல் உச்சியில் நின்ற கொடியை அண்ணாந்து பார்த்தார். ஊரில் இருக்கிற ஒவ்வொருவனையும் இதே விஷயத்துக்காகத் திட்டியவர் அவர்தான்.

"இறக்கு" என்றார் அவர்.

"ஏத்தின கொடியை எப்படி மிஸ்ஸஸ் கில்லம்..."

"இறக்குன்னு சொன்னேன்."

இறக்கினார். மெதுவாக, முறைப்படி, பாதி வரை. பிரென்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்கை நோக்கி நகர்ந்தார். மிஸ்ஸஸ் கில்லம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் காட்டினார், ஓடும் பேருந்தில் எழுந்து நிற்கிற பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. சட்டசபை வேட்பாளர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு யாரும் பேசவில்லை. எழுந்து நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஒரு லாரி போயிற்று. ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, தாய் தோளில் போட்டுத் தட்டினாள். மிஸ்ஸஸ் கில்லம் மகனின் கல்லருகே போய் அதன் மேல் கையை ஊன்றி நின்றார். லோவல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். இத்தனை வருடமாக இந்த நேரத்தில் அவர் செய்ததெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பதும், தொப்பியைக் கழற்றாதவனை முறைப்பதும், மனதுக்குள் மறுநாள் பேச்சைத் தயாரிப்பதும்தான். இன்று செய்ய ஒன்றுமில்லை. வெர்ன் ஞாபகம் வந்தான். பரீட்சையில் தன் தாளைப் பார்த்து லோவலை எழுதவிட்டு, மாட்டிக்கொண்டதும் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டவன். லோவலுக்குக் கண்ணில் நீர் வந்தது. இரண்டு கையிலும் கயிறு இருந்ததால் துடைக்க முடியவில்லை.

சங்கு ஊதியது. கொடி ஏறியது. இந்த முறை பாண்டு மாஸ்டர் கோலைத் தூக்குவதற்கு முன் லோவலைப் பார்த்து, ஆகட்டுமா என்று கேட்டுக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது பிரென்ட் நேராக வந்தார். "சொந்த ஆளுக்கே இப்படிச் செய்வீங்களா சார்? ரேடியோல நேரடியா போய்க்கிட்டிருக்கு."

"நீ வார்த்தை கொடுத்த. அதை நம்பி நான் அந்தம்மாவுக்குக் கொடுத்தேன். சொந்த ஆளுன்னாதான் தம்பி இவ்வளவு வயிறு எரியுது."

"நான் சொன்னதெல்லாம் நீங்க பேசினதுதானே?"

"ஆமா. அதை எங்க பேசணும்னு தெரியாதவனை நானே கூட்டிட்டு வந்து நிறுத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

டக் ஸ்ட்ரோமன் ஒயரைச் சுற்றிக்கொண்டே, கண்ணைப் பார்க்காமல், "நாளைக்கு நீங்க வர வேண்டாம் லோவல். கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார். எத்தனை நாள் என்று லோவல் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கார்லீன், "அப்பாடா, இனிமே போன் பக்கம் போக வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு, அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மிஸ்ஸஸ் கில்லம் இன்னும் மகனின் கல்லருகேதான் இருந்தார். லோவல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

"வார்த்தையைக் காப்பாத்த முடியல மிஸ்ஸஸ் கில்லம். இனிமே நீங்க வரலைன்னா நான் தப்பா நினைக்கமாட்டேன்."

"நீ எப்படி நினைச்சா எனக்கென்ன?" என்றார் அவர். கல்லின் மேலிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் நல்லா இருந்துது. அடுத்த வருஷம் யாரையும் பேசக் கூப்பிடாத. பாதிரியாரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"சரி."

கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பினார். "நீயும் பேசாத."

"சரி மிஸ்ஸஸ் கில்லம்."

அவர் கார் கிளம்பி, வளைவில் திரும்பி, மறைந்த பிறகுதான் 'அடுத்த வருஷம்' என்று அவர் சொன்னது லோவலுக்கு உறைத்தது.